எதன் மேல் இந்தச் சதவீதம்? சிமென்ட் ஆலை லேபுக்குப் போகிறவருக்கான நிறைக் கணக்கு

அரியலூர், டால்மியாபுரம், புலியூர், சங்ககிரி, துலுக்கப்பட்டி, தாழையூத்து. வேதியியல் படித்தவர்களுக்கு வேலை தரும் சிமென்ட் ஆலைகள் உள்ள ஊர்கள் இவை. பி.எஸ்ஸி. அல்லது எம்.எஸ்ஸி. முடித்தவர்கள் பெரும்பாலும் தரக்கட்டுப்பாட்டு லேபில் டிரெய்னி கெமிஸ்டாக உள்ளே நுழைகிறார்கள். நேர்காணலில் கேட்கத் தகுந்த முதல் கேள்வி மிக எளியது: ஒரு டன் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் எவ்வளவு சுண்ணாம்பு கிடைக்கும்?

பாடப்புத்தக விடை 560 கிலோ. அந்த விடை சரிதான், ஆனால் சுரங்கத்திலிருந்து லாரியில் வந்து இறங்கும் கல்லுக்கு அது பொருந்தாது. அந்தக் கல்லில் ஈரம் இருக்கும், களிமண் இருக்கும், மணல் இருக்கும். சூளையிலும் எல்லாக் கல்லும் முழுதாக வெந்துவிடுவதில்லை.

இந்தக் கணக்கில் வருவது பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே. லேபில் ஒருவரைத் தேர்ந்த கெமிஸ்ட் ஆக்குவது, எந்த எண்ணைப் பார்த்தாலும் ‘எதன் மேல் இந்தச் சதவீதம்?’ என்று கேட்கும் பழக்கம். ஈரக் கல் மேலா, உலர்ந்த கல் மேலா? சுடுவதற்கு முன் இருந்த எடை மேலா, சுட்ட பின் இருக்கும் எடை மேலா? இதைக் கேட்கத் தெரிந்தவர் தப்பான எண்ணை ரிப்போர்ட்டில் எழுத மாட்டார். இந்தக் கட்டுரை அந்தப் பழக்கத்தைப் படிப்படியாகச் சொல்கிறது.

மனப்பாடமாக இருக்க வேண்டிய மூன்று எண்கள்

வினை இதுதான்:

கால்சியம் கார்பனேட் → கால்சியம் ஆக்சைடு + கார்பன் டை ஆக்சைடு

இது ஒரு சிதைவு வினை. ஒரு மோல் கார்பனேட் சிதைந்தால் ஒரு மோல் ஆக்சைடும் ஒரு மோல் வாயுவும் வரும். அணு நிறைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கால்சியம் கார்பனேட்: 40.08 + 12.01 + (3 × 16.00) = 100.09 கிராம்
கால்சியம் ஆக்சைடு: 40.08 + 16.00 = 56.08 கிராம்
கார்பன் டை ஆக்சைடு: 12.01 + (2 × 16.00) = 44.01 கிராம்

56.08 + 44.01 = 100.09. உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமம்.

1 கிலோ தூய கார்பனேட்டுக்குக் கணக்குப் போடுவோம். முதலில் கிராமை மோலாக மாற்ற வேண்டும்: 1000 ÷ 100.09 = 9.991 மோல். சமன்பாட்டில் விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்பதால் ஆக்சைடும் 9.991 மோல்தான். அதைத் திரும்பக் கிராமாக மாற்றினால் 9.991 × 56.08 = 560.3 கிராம்.

ஷிஃப்டில் ஒவ்வொரு முறையும் மோலுக்குப் போய்த் திரும்ப நேரமிருக்காது. இரண்டு காரணிகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கார்பனேட் எடையை 0.5603 ஆல் பெருக்கினால் சுண்ணாம்பு. 0.4397 ஆல் பெருக்கினால் வாயு. ஆனால் அந்தக் காரணி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தாளில் போட்டுக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

விகிதம் ஒன்றுக்கு ஒன்றாக இல்லாதபோது

தூத்துக்குடியில் சோடா ஆஷ் தயாராகிறது. அதன் கடைசிக் கட்டம் சோடியம் பைகார்பனேட்டைச் சூடாக்கிச் சிதைப்பது. அங்கே இரண்டு மோல் பைகார்பனேட் சேர்ந்துதான் ஒரு மோல் சோடியம் கார்பனேட்டைத் தருகிறது. கூடவே ஒரு மோல் நீரும் ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறும்.

2 × 84.01 = 168.02 கிராம் பைகார்பனேட்டிலிருந்து 105.99 கிராம் சோடா ஆஷ். அதாவது 100 கிலோவுக்கு 63.1 கிலோ.

அந்த 2-ஐ மறந்துவிட்டால் என்ன ஆகும்? 100 × 105.99 ÷ 84.01 = 126.2 கிலோ என்று வரும். 100 கிலோவைச் சிதைத்து, வாயுவையும் நீராவியையும் வெளியே விட்ட பிறகு 126 கிலோ மிஞ்சாது. விடையை எழுதும் முன் ‘சிதைவு வினையில் திண்மத்தின் எடை குறைந்திருக்கிறதா?’ என்று ஒருமுறை பார்த்தாலே இந்தத் தவறு பிடிபட்டுவிடும். சமன்பாட்டைச் சமன் செய்யாமல் கால்குலேட்டரைத் தொடாதீர்கள்.

லாரியில் வரும் கல்

இனி உண்மையான கல்லுக்கு வருவோம். 1000 கிலோ கல் வருகிறது. ஈரம் 4%. உலர்ந்த கல்லில் கால்சியம் கார்பனேட் 90%, மீதி களிமண், மணல் போன்றவை. இந்த மீதி சூட்டில் எடை இழக்காது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

ஈரம்: 40 கிலோ. உலர்ந்த கல்: 960 கிலோ.
கார்பனேட்: 960 × 0.90 = 864 கிலோ. மற்றவை: 96 கிலோ.
சுண்ணாம்பு: 864 × 0.5603 = 484.1 கிலோ.
வாயு: 864 × 0.4397 = 379.9 கிலோ.

90% என்பது உலர்ந்த கல் மேல் சொன்ன சதவீதம். அதை 1000 மேல் போட்டிருந்தால் 36 கிலோ கார்பனேட் இல்லாமலே கணக்கில் ஏறியிருக்கும்.

சூளையிலிருந்து வெளியே வருவது எவ்வளவு? 484.1 கிலோ என்று சொன்னால் தவறு. அந்த 96 கிலோ களிமண்ணும் மணலும் எங்கும் போகவில்லை. சுண்ணாம்போடு சேர்ந்தே வெளியே வரும். ஆகவே மொத்தம் 580.1 கிலோ. அதில் கால்சியம் ஆக்சைடு 83.5% தான்.

சரிபாருங்கள்: 580.1 + 379.9 + 40 = 1000. போன ஒவ்வொரு கிலோவுக்கும் வந்த இடம் தெரிகிறது.

‘எவ்வளவு கால்சியம் ஆக்சைடு?’ என்பது ஒரு கேள்வி. ‘சூளையிலிருந்து எவ்வளவு எடை வெளியே வரும்?’ என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு விடை 484, இரண்டாவதற்கு 580. புரொடக்‌ஷன் ஆட்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டாவது. வாங்குபவர் பணம் கொடுப்பது முதலாவதற்கு. எந்தக் கேள்விக்கு விடை எழுதுகிறீர்கள் என்று ரிப்போர்ட்டிலேயே குறிப்பிடுங்கள்.

வேகாத கல் காட்டும் பொய்

அதே கல்லில் கார்பனேட் 95% மட்டுமே சிதைந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மையம் வேகாத கட்டிகள் சூளைகளில் சாதாரணம்.

சிதைந்த கார்பனேட்: 864 × 0.95 = 820.8 கிலோ. வேகாமல் நின்றது: 43.2 கிலோ.
சுண்ணாம்பு: 820.8 × 0.5603 = 459.9 கிலோ.
வாயு: 820.8 × 0.4397 = 360.9 கிலோ.
வெளியே வரும் திண்மம்: 459.9 + 43.2 + 96 = 599.1 கிலோ.

முழுதாக வெந்தபோது 580 கிலோ, அரைகுறையாக வெந்தபோது 599 கிலோ. எடை கூடியிருக்கிறது, ஆக்சைடு மட்டும் 83.5 சதவீதத்திலிருந்து 76.8 சதவீதமாக இறங்கியிருக்கிறது. தராசை மட்டும் பார்ப்பவர் ‘இன்று உற்பத்தி நன்றாக இருக்கிறது’ என்பார். சரக்கு கெட்டிருப்பது லேபில் இருப்பவருக்குத்தான் தெரியும். சிதைவு வினையில் எதிர்பார்த்ததைவிட அதிக எடை வந்தால் மகிழாதீர்கள். மாதிரி எடுத்துச் சோதியுங்கள்.

ஒரு கிராம் பொடியும் ஒரு தராசும்

கல்லில் கார்பனேட் 90% என்று எப்படித் தெரிந்தது? இதே வினையை லேபில் சின்ன அளவில் நடத்தித்தான். எல்லா ஆலைகளிலும் இந்தச் சோதனையை எல்.ஓ.ஐ. என்பார்கள், சூடாக்கும்போது ஏற்படும் எடை இழப்பு என்று பொருள். சுண்ணாம்புக்கல்லுக்கான முறை ஐ.எஸ். 1760 தரநூலிலும் சிமென்ட்டுக்கான முறை ஐ.எஸ். 4032 தரநூலிலும் உள்ளன. சேரும் முன் இரண்டையும் ஒருமுறையாவது வாசித்துவிடுங்கள்.

செய்முறை சுருக்கமாக இதுதான். அரைத்த பொடியைச் சுமார் 105 டிகிரியில் உலர்த்துங்கள். பிளாட்டினம் க்ரூசிபிளைச் சூடாக்கி, டெசிகேட்டரில் ஆறவிட்டு எடை போடுங்கள். அதில் சுமார் ஒரு கிராம் பொடியை வைத்து எடை எடுங்கள். மஃபிள் ஃபர்னஸில் 950 முதல் 1000 டிகிரி வரை சூடாக்குங்கள். டெசிகேட்டரில் ஆறவிட்டு எடை போடுங்கள். திரும்பவும் சூடாக்கி, ஆறவிட்டு, எடை போடுங்கள். இரண்டு எடைகளும் ஒன்றாகும்வரை விடாதீர்கள்.

ஓர் உதாரணப் பதிவு:

காலி க்ரூசிபிள்: 24.3150 கிராம்
க்ரூசிபிளும் பொடியும்: 25.3150 கிராம்
சூடாக்கி ஆறிய பின்: 24.9193 கிராம்

பொடி 1.0000 கிராம். இழப்பு 0.3957 கிராம். எல்.ஓ.ஐ. 39.57%.

இழந்தது எல்லாம் கார்பன் டை ஆக்சைடு என்றால், 0.3957 × (100.09 ÷ 44.01) = 0.900 கிராம் கார்பனேட் இருந்திருக்க வேண்டும். அதாவது 90.0%. முன்பு கார்பனேட்டிலிருந்து வாயுவைக் கணக்கிட்டோம். இங்கே வாயுவின் எடையிலிருந்து கார்பனேட்டுக்குத் திரும்புகிறோம். விகிதம் ஒன்றே.

ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் 1750-களில் செய்ததும் இதே எடை போடும் வேலைதான். மக்னீசியம் கார்பனேட்டையும் சுண்ணாம்புக்கல்லையும் சூடாக்கி, குறைந்த எடையைத் துல்லியமாக அளந்து, கல்லுக்குள் ஒரு வாயு பிணைந்திருந்து வெளியேறுகிறது என்று காட்டினார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தராசு காட்டிக்கொடுத்தது. இன்று லேபில் நீங்கள் செய்யும் எல்.ஓ.ஐ. அந்த வழியில் வந்தது.

இந்தச் சோதனையில் எண் தவறும் இடங்கள் ஐந்து. ஒவ்வொன்றிலும் தவறு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துகொள்ளுங்கள். மேலதிகாரிகள் கேட்பது அதைத்தான்.

ஒன்று, பொடியைச் சரியாக உலர்த்தாமல் எடை போட்டால் நீர் போனதும் இழப்பில் சேரும். எல்.ஓ.ஐ. கூடுதலாகக் காட்டும்.

இரண்டு, சூடு ஆறுவதற்குள் எடை போட்டால் க்ரூசிபிளைச் சுற்றி எழும் சூடான காற்று தட்டைத் தூக்கும். எடை குறைவாகத் தெரியும், எல்.ஓ.ஐ. கூடும்.

மூன்று, டெசிகேட்டருக்கு வெளியே ஆறவிட்டால் புதிதாகச் சுட்ட சுண்ணாம்பு காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். எடை ஏறும்; எல்.ஓ.ஐ. குறையும்.

நான்கு, ஃபர்னஸ் சூடு போதாவிட்டால் கார்பனேட் மிஞ்சும். எல்.ஓ.ஐ. குறையும். மாறாத எடை வரும்வரை திரும்பத் திரும்பச் சூடாக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஐந்து, கல்லில் மக்னீசியம் கார்பனேட்டும் இருக்கலாம். அது தன் எடையில் 52.2% இழக்கும், கால்சியம் கார்பனேட் இழப்பது 44%. களிமண்ணில் பிணைந்த நீரும் கரிமப் பொருளும்கூட வெளியேறும். இவற்றையெல்லாம் கால்சியம் கார்பனேட் கணக்கில் எழுதினால் கல் உள்ளதைவிடத் தூயதாகத் தெரியும். அதனால் எல்.ஓ.ஐ. மட்டும் வைத்துத் தூய்மையைச் சொல்லாதீர்கள். இ.டி.டி.ஏ. டைட்ரேஷனிலோ எக்ஸ்.ஆர்.எஃப். கருவியிலோ வந்த கால்சியம் ஆக்சைடு எண்ணோடு பொருத்திப் பாருங்கள். அந்த எண்ணை 44.01 ÷ 56.08, அதாவது 0.785 ஆல் பெருக்கினால் வரவேண்டிய வாயு கிடைக்கும். எல்.ஓ.ஐ. அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு. அதைவிடக் குறைவாக இருந்தால் உங்கள் சோதனையிலோ கருவியிலோ கோளாறு இருக்கிறது, அல்லது கால்சியம் வேறு வடிவில் இருக்கிறது. மாதிரியைத் திரும்பப் போடுங்கள்.

ரா மீலிலிருந்து கிளிங்கர்

சிமென்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் தனியாகச் சூளைக்குப் போவதில்லை. களிமண், இரும்புத் தாது போன்றவற்றோடு சேர்த்து அரைத்த மாவுதான் போகிறது. அதற்கு ரா மீல் என்று பெயர். ப்ரீஹீட்டரில் சூடேறி, கால்சினரில் சுமார் 850 முதல் 900 டிகிரியில் கார்பனேட்டின் பெரும்பகுதி சிதைந்து, கில்னுக்குள் 1450 டிகிரியில் கிளிங்கர் ஆகிறது.

ரா மீலின் எல்.ஓ.ஐ. 35.5% என்று வைத்துக்கொள்வோம். 1000 கிலோ மாவு 645 கிலோ ஆகும். திருப்பிச் சொன்னால், ஒரு டன் கிளிங்கருக்கு 1 ÷ 0.645 = 1.55 டன் மாவு. மணிக்கு 200 டன் மாவு போனால் 129 டன் கிளிங்கர் வர வேண்டும். 71 டன் வாயுவாகப் புகைபோக்கிக்குப் போகும். நிலக்கரிச் சாம்பல் கிளிங்கரில் சேர்வதும், தூசியாகக் கொஞ்சம் வெளியேறுவதும் இந்த எண்ணை லேசாக நகர்த்தும். ஆனால் ஆலையின் பதிவு 129-ஐ விட்டு வெகுதூரம் விலகினால், பெல்ட் தராசைச் சரிபார்க்கச் சொல்லும் பொறுப்பு லேபுக்கு உண்டு.

அதிகம் தவறும் கணக்கு: ஹாட் மீல்

ப்ரீஹீட்டரின் கடைசி சைக்ளோனுக்கு அடியில், கில்னுக்குள் இறங்கும் முன் எடுக்கும் மாதிரி ஹாட் மீல். கார்பனேட் எத்தனை சதவீதம் ஏற்கெனவே சிதைந்துவிட்டது என்று அதிலிருந்து சொல்ல வேண்டும்.

ரா மீல் எல்.ஓ.ஐ. 35.5%. ஹாட் மீல் எல்.ஓ.ஐ. 4.0%. புதியவர் எழுதுவது: (35.5 − 4.0) ÷ 35.5 = 88.7%.

இது தவறு. ஏன்? 35.5% என்பது ரா மீல் எடை மேல். 4.0% என்பது ஹாட் மீல் எடை மேல். வரும் வழியிலேயே வாயு போய் மாவின் எடை குறைந்துவிட்டது. இரண்டு வேறு எடைகள் மேல் சொன்ன சதவீதங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்க முடியாது.

சரியாகப் போடுவோம். 100 கிலோ ரா மீலில், எவ்வளவு சூடாக்கினாலும் மாறாத பகுதி 64.5 கிலோ. ஹாட் மீலில் அந்தப் பகுதி 96%. ஆகவே ஹாட் மீலின் எடை 64.5 ÷ 0.96 = 67.19 கிலோ. அதில் இன்னும் போக வேண்டிய வாயு 67.19 × 0.04 = 2.69 கிலோ. மொத்தம் போக வேண்டியது 35.5 கிலோ. மீதி 7.6%. எனவே சிதைந்தது 92.4%.

88.7-க்கும் 92.4-க்கும் இடையே ஆலையில் பெரிய வித்தியாசம் உண்டு. 88.7 என்று ரிப்போர்ட் போனால் கன்ட்ரோல் ரூமில் இருப்பவர் கால்சினருக்கு நிலக்கரியைக் கூட்டக்கூடும். தேவையில்லாத சூடு ஏறினால் மாவு பசையாகி சைக்ளோனில் ஒட்டத் தொடங்கும். அடைப்பு விழுந்தால் கில்னை நிறுத்த வேண்டிவரும். அடைத்த சைக்ளோனைச் சுத்தம் செய்வது ஆபத்தான வேலை. சூடான மாவு திடீரென இறங்கித் தொழிலாளர்கள் வெந்துபோகக்கூடும். காகிதத்தில் எடை மாறியதைக் கவனிக்காத ஒரு கணக்கு அந்த இடம்வரை கொண்டுபோகும்.

எது மாறவில்லையோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாயு போகும், ஈரம் போகும், மொத்த எடை மாறும். சூட்டில் மாறாத பகுதி மட்டும் இரண்டு மாதிரிகளிலும் ஒன்றே. அதை வைத்து இரண்டையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும்.

புகைபோக்கிக் கணக்கும் புதிய வேலைகளும்

முன்பெல்லாம் வெளியே போகும் வாயுவை யாரும் எடை போடவில்லை. இன்று அதற்கென்றே ஆட்களைத் தேடுகிறார்கள். இந்தியாவில் கார்பன் கிரெடிட் வணிகத் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. சிமென்ட் அதற்குள் வரும் துறைகளில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி ஏற்பாட்டிலும் சிமென்ட் இருக்கிறது.

கிளிங்கரில் கால்சியம் ஆக்சைடு 65% என்றால், அதற்காகக் கல்லிலிருந்து வெளியேறிய வாயு 0.65 × 44.01 ÷ 56.08 = 0.510 டன். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகள் குழுவின் 2006 வழிகாட்டியிலும் ஒரு டன் கிளிங்கருக்கு இதே 0.51 டன் என்பதுதான் அடிப்படை எண். மக்னீசியம் ஆக்சைடு 2% இருந்து, அது முழுவதும் கார்பனேட்டிலிருந்து வந்ததென்றால் இன்னும் 0.022 டன் கூட்ட வேண்டும். நாளுக்கு 3000 டன் கிளிங்கர் எடுக்கும் கில்னில், மக்னீசியத்தை விட்டுவிட்டாலும், கல் மட்டுமே 1530 டன் கார்பன் டை ஆக்சைடு தருகிறது. நிலக்கரி எரிவதில் வருவது தனி.

நிலக்கரிக்குப் பதில் வேறு எரிபொருள் போட்டாலும் இந்த 0.51 குறையாது, ஏனென்றால் அது கல்லுக்குள்ளிருந்து வருவது. குறைக்க வேண்டுமானால் கிளிங்கரைக் குறைக்க வேண்டும். ஐ.எஸ். 1489 தரநூலின்படி வரும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்டில் 15 முதல் 35% வரை சாம்பல் சேர்க்கலாம். எது குறையும், எது குறையாது என்று இப்படி எண்ணோடு சொல்லத் தெரிந்த கெமிஸ்டுக்கு லேபைத் தாண்டி சுற்றுச்சூழல் பிரிவிலும் இடம் உண்டு.

சிமென்ட்டுக்கு வெளியேயும் இந்தக் கணக்கு சோறு போடும். சேலத்தில் வெட்டப்படும் மேக்னசைட்டைச் சுட்டு, உலைகளுக்கான தீச்செங்கல்லுக்கு மூலப்பொருள் எடுக்கிறார்கள், அங்கே 84.31 கிராம் மக்னீசியம் கார்பனேட் 40.30 கிராம் ஆக்சைடு ஆகும், அதாவது டன்னுக்கு 478 கிலோ. காகித ஆலைகளில் காரக் கரைசல் தயாரித்த பின் மிஞ்சும் கார்பனேட் சேற்றைத் திரும்பச் சுட்டுச் சுண்ணாம்பாக்குகிறார்கள். வினை மாறினாலும் கேள்வி மாறுவதில்லை: எதன் மேல் இந்தச் சதவீதம்?

நேர்காணலுக்கு ஒரு பயிற்சி

இந்தக் கேள்வியைத் தாளில் போட்டுப் பாருங்கள். ஒரு டன் கால்சியம் ஆக்சைடு வேண்டும். உலர்ந்த கல்லில் கார்பனேட் 92%. வரும் கல்லில் ஈரம் 5%. எத்தனை கிலோ கல் ஏற்ற வேண்டும்?

பின்னாலிருந்து முன்னால் போங்கள். தேவையான கார்பனேட்: 1000 ÷ 0.5603 = 1784.8 கிலோ. உலர்ந்த கல்: 1784.8 ÷ 0.92 = 1940 கிலோ. ஈரக் கல்: 1940 ÷ 0.95 = 2042 கிலோ.

8 சதவீதத்தையும் 5 சதவீதத்தையும் கூட்டி, 13% அதிகம் என்று 1.13 ஆல் பெருக்கினால் 2017 வரும். டன்னுக்கு 25 கிலோ குறையும். இரண்டு சதவீதங்களும் வேறு வேறு எடைகள் மேல் சொன்னவை என்பதால் கூட்ட முடியாது. ஒவ்வொரு படியிலும் வகுக்க வேண்டும். இதை விளக்கிச் சொல்லிவிட்டு, ‘எல்லாக் கல்லும் முழுதாக வெந்தால் இந்த விடை, 95% தான் வேகும் என்றால் இன்னும் 0.95 ஆல் வகுக்க வேண்டும், 2150 கிலோ ஆகும்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். கேட்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

சேர்ந்த பிறகு

ரிப்போர்ட்டில் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். ‘எல்.ஓ.ஐ. 39.57%, உலர்ந்த மாதிரி மேல்’ என்று அடிப்படையையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த ஷிஃப்டில் வருபவர் உங்களைத் தேடிப் பிடித்துக் கேட்க முடியாது.

நான்கு தசம இடம் காட்டும் தராசில் வந்த எல்.ஓ.ஐ.-யை இரண்டு தசமம் வரை எழுதலாம். பெல்ட் தராசில் வந்த டன் கணக்கை அப்படி எழுத முடியாது. 129.0372 டன் என்று எழுதினால் இல்லாத துல்லியத்தை இருப்பதாகச் சொல்வதாகும்.

வாரம் ஒருமுறையாவது சான்றளித்த மாதிரியைப் போட்டு, உங்கள் கையையும் கருவியையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஹரியானா மாநிலம் பல்லப்கரில் உள்ள தேசிய சிமென்ட், கட்டுமானப் பொருள் குழுமம் இத்தகைய மாதிரிகளைத் தருகிறது.

எண் பொருந்தவில்லை என்றால் திருத்தி எழுதாதீர்கள். முந்தைய ஷிஃப்டில் 35.5 வந்திருக்கிறது, எனக்கு 33.8 வருகிறது, ஒருவேளை நான்தான் தப்பு என்று 35.2 எழுதுவது வேலையைக் காப்பாற்றாது. 33.8 உண்மையானால் கலவையில் சுண்ணாம்புக்கல் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அதை அறியவேண்டியவர் அப்போதே அறிய வேண்டும். வந்த எண்ணை அப்படியே பதியுங்கள். மாதிரியைத் திரும்ப எடுத்துப் போடுங்கள். இரண்டாவது எண்ணும் அதுவே என்றால் உடனே கன்ட்ரோல் ரூமுக்கு போன் போடுங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். எக்செல்லில் ஒரு தாள் திறந்து, மேலே கல்லின் எடை, ஈரம், கார்பனேட் சதவீதம், வெந்த சதவீதம் என நான்கு கட்டம் வையுங்கள். கீழே சுண்ணாம்பு, வேகாத கல், மற்றவை, வாயு, நீர் என ஐந்து கட்டம். கடைசியில் ஐந்தின் கூட்டலிலிருந்து கல்லின் எடையைக் கழிக்கும் ஒரு கட்டம். மேலே எந்த எண்ணை மாற்றினாலும் அந்தக் கடைசிக் கட்டம் பூஜ்யமாகவே இருக்க வேண்டும். அப்படி இருக்கும்வரை தாளைத் திருத்துங்கள். அதை நீங்களே போட்டு முடித்துவிட்டால், எந்த ஆலை நேர்காணலுக்கும் நீங்கள் தயார்.